பூனைக்குக் கட்டிய மணி

வா தாயி, உக்காரு. திண்டுக்கல்லுல மூணாவது மாடி வீடு, ஒரு பூனை, ஏழெட்டு பூந்தொட்டி. பவுசுதான்! பூனைக்கு மணி கட்டுறது யாருன்னு ஊரே முழிக்குது. நீ சன்னலுக்குச் சன்னல் மணி பிளாண்டே கட்டித் தொங்கவிட்டிருக்க. கெட்டிக்காரி.

அதைக் கடிச்சா பூனை செத்துறாது, பயப்படாத. இலைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியா ஆக்சலேட்டு. சேப்பங்கிழங்கு நாக்கை அரிக்குதுல்ல, அதே வகையறாதான். எச்சி ஒழுக ஒழுக மூஞ்சியப் பிராண்டும். நீ காத்துக் கருப்புன்னு வேப்பிலையத் தேடுவ.

வாசல்ல குட்டைப் பனையாட்டம் நிக்குதே சைக்கஸு, அது ஈரலைத் தின்னுரும். கல்யாண மேடையில இருந்து தூக்கியாந்த லில்லிக் கொத்து இருக்கே, அதுதான் எமன். இதழைத் திங்கணும்னுகூட இல்ல. மகரந்தம் முதுகுல ஒட்டி, அதை நக்கினாப் போதும். சாடித் தண்ணியக் குடிச்சாலும் போதும். 3 நாளுக்குள்ள கிட்னி போயிரும்.

நம்ம மண்ணுல விசம் இல்லையா? ஒட்டன்சத்திரம் பக்கம் போய்ப் பாரு. செங்காந்தளைக் கம்பியில ஏத்திவிட்டு, காலையில பூவுக்குப் பூ கையாலயே மகரந்தம் தடவுவாங்க. வித்துல இருக்குற கோல்சிசின் மூட்டு வீக்கத்துக்கு மருந்தாகுது. கிழங்கைத் தின்னா ஆளே காலி. அதைத்தான் மாநில மலராவும் வச்சிருக்கோம்! அந்தக் காட்டுல திரியுற பூனை எதுவும் அதைச் சீந்துறதில்ல. எலி இருக்கு, ஓணான் இருக்கு, வயித்தைக் கழுவ அருகம்புல்லு இருக்கு. உம் பூனைக்கு என்ன இருக்கு? சோபாவும், நீ காசு குடுத்து வாங்கின விசமும்! பச்சைன்னு வேற ஒண்ணும் இல்லாட்டி அது எதைத்தான் கடிக்கும்?

எட்டாத எடத்துல வச்சிருக்கேங்குற. பூட்டு செய்யுற ஊருல குடியிருந்தா பூனையும் பூட்டுக்குள்ள அடங்குமா? பீரோ மேல ஏறத் தெரியாத பூனைய எந்தச் சந்தையில புடிச்ச?

லில்லியும் சைக்கஸும் இன்னைக்கே வெளிய போகட்டும். அழகு வேணும்னா அரிக்கா பாம் வையி, கெடுதி பண்ணாது. ஒரு தொட்டியில கோதுமையை ஊற வச்சு விதை. வாரத்துல முளைச்சிரும், மேயட்டும். சோளத்தைப் போட்டுறாத, அது இளம்பயிருல மாட்டையே சாய்ச்சிரும்.

லில்லியக் கடிச்சிருச்சுன்னா உப்புத் தண்ணி புகட்டிக்கிட்டு நிக்காத. இலையக் கையோட எடுத்துக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடு. பேரைக் கேட்டு மூஞ்சியச் சுளிக்காத, பூனையையும் பாப்பாங்க. 18 மணி நேரம் தாண்டிட்டா பொழைக்க வைக்கிறது கஷ்டம்.

லில்லிய வீசுறதுக்கு மனசில்லைன்னா மாமியா வீட்டு ஹால்ல கொண்டுபோய் வையி. அங்க இருக்குறது நாயி. தின்னாலும் வயித்தைக் கலக்குறதோட விட்டுரும். சைக்கஸை மட்டும் குடுத்துறாத. அது நாயையும் கொல்லும். அப்புறம் கெழவந்தான் சொல்லிக் குடுத்தான்னு எந்தலையில விடியும்.