முடியும் என்று காட்டியவர்கள்

நம்மை நாமே ஒரு முறை மனதாரப் புகழ்ந்துகொள்ள வேண்டும். அதற்கு நமக்குத் தகுதி இருக்கிறது. 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று இரவே நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. 'இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாது' என்று காலங்காலமாகப் பேச்சு வாங்கிய நாம், அந்த மூன்று வாரத்துக்குள் திருந்திக் காட்டினோம். செருப்பைக் கழற்றியதும் நேராகக் குழாயடிக்குப் போனோம். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று இருபது நொடி எண்ணிக் கழுவினோம். இருமல் வந்தால் முழங்கையை மடக்கி வாயை மறைத்தோம். பள்ளிக்கூடச் சுவர்களில் ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்தும் நடக்காதது, ஒரே மாதத்தில் வீடு வீடாக நடந்தது.

எங்கள் தெரு முனையில் ஓர் அண்ணாச்சியின் மளிகைக் கடை இருக்கிறது. ஊரடங்கு தொடங்கிய நாலாம் நாள், கடை வாசலில் செங்கல் அடுக்கி, அதன்மேல் ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம்மை ஏற்றி, அடியில் குழாய் பொருத்திவிட்டார். பழைய வலைப்பை ஒன்றில் சோப்புக் கட்டியைப் போட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிட்டார். வலையோடு கையில் தேய்த்தால் நுரை நன்றாக வரும். சோப்பு வழுக்கிச் சாக்கடையில் விழாது. கடை முன்னால் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டார். நோட்டு எண்ணுவதற்கு எச்சில் தொடுவதை விட்டுவிட்டு, ஒரு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டார். கவரை வாயால் ஊதிப் பிரிப்பவர், இரண்டு விரலால் கசக்கிப் பிரிக்கப் பழகிக்கொண்டார். எந்த அதிகாரியும் வந்து அவரிடம் டிரம் வைக்கச் சொல்லவில்லை. அவர் மருத்துவம் படித்தவரும் இல்லை. தன் கடைக்கு வருகிறவர்கள் நோயை எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று நினைத்தார், அவ்வளவுதான்.

நம் வரிசையையும் புகழத்தான் வேண்டும். 2020 மே 7-இல் மதுக்கடைகள் திறந்தன. கூட்டம் முண்டியடித்தது. இடைவெளி பேணப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் மறுநாளே கடைகளை மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்த பிறகு மே 16-இல் மீண்டும் திறந்தபோது, மூங்கில் தடுப்பு கட்டினார்கள், வட்டம் போட்டார்கள், கிழமைக்கு ஒரு நிறத்தில் டோக்கன் கொடுத்தார்கள். அதே ஆட்கள் அதே கடை முன்னால் கோடை வெயிலில் தள்ளித் தள்ளி நின்றார்கள். வரிசை நம் ரத்தத்தில் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஏற்பாடு ஒழுங்காக இருந்து, போய்ச் சேரும் இடத்தில் நமக்கு வேண்டியது கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தால், நாம் அருமையாக வரிசையில் நிற்கிற மக்கள்.

புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைப் பற்றிப் பாடியதைப் பள்ளியில் வஞ்சப்புகழ்ச்சி என்று படித்தோம். யோசித்துப் பார்த்தால், ஔவை அதில் ஒரு சொல்கூடப் பொய்யாகச் சொல்லவில்லை. அந்த ஆயுதங்கள் உண்மையாகவே அழகாகவும் புதிதாகவும் இருந்தன. களம் காணாததால் அப்படி இருந்தன. நானும் நம்மைப் பற்றி உண்மையை மட்டுமே சொல்லிப் புகழ விரும்புகிறேன்.

நான் தினமும் பேருந்து ஏறும் நிலையத்தில், காலால் மிதித்தால் தண்ணீர் வரும் கைகழுவும் தொட்டி ஒன்று 2020-இல் வைத்தார்கள். உறுதியான தொட்டி. எவர்சில்வர் இன்றும் பளபளக்கிறது. மிதிகட்டையில் அடித்த பச்சைப் பெயிண்ட் ஓர் இடத்தில்கூடத் தேயவில்லை. சோப்புத் திரவம் ஊற்றும் கிண்ணத்தில் கறை இல்லை. அங்கே வைத்த பொதுச் சொத்துகளில் இவ்வளவு ஆண்டுகள் புதுக்கருக்கு அழியாமல் இருப்பது அது ஒன்றுதான். அதன் பின்னால் போய்ப் பார்த்தேன். தண்ணீர்க் குழாயைத் தொட்டியோடு இணைக்கும் இடம் துண்டாகித் தொங்கியது. அதிலிருந்து பத்தடி தள்ளி, பயணச்சீட்டுக் கட்டைக் கையில் பிடித்த நடத்துநர், நாக்கில் விரலைத் தொட்டுச் சீட்டைக் கிழித்து ஒரு குழந்தையின் கையில் கொடுத்தார். குழந்தை அதை வாயில் வைத்துக்கொண்டது. அதன் அம்மா கவனிக்கவில்லை. ஏறியிருந்த நாற்பது பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

நம் நினைவாற்றலும் புகழுக்குரியது. கொரோனாவிடமிருந்து கற்றதில் பலவற்றை நாம் விடவே இல்லை. பூக்காரம்மா கூடையில் இன்று க்யூஆர் அட்டை இருக்கிறது. இளநீர் வண்டியில் இருக்கிறது. பணத்தைத் தொட வேண்டாம் என்று அந்த நாளில் பலர் பிடித்துக்கொண்ட பழக்கம், இன்று கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகன், ஊரில் தாலி கட்டுவதை வீடியோவில் பார்க்கிறான். மாவு முதல் மாத்திரைவரை வீட்டு வாசலுக்கு வருகிறது. ஆக, பெருந்தொற்றுப் பழக்கம் நிலைக்காது என்பது சரியில்லை. நமக்கு உடனே லாபம் தந்த பழக்கங்கள் நிலைத்திருக்கின்றன. சளி பிடித்தவர் முகக்கவசம் போடுவது அடுத்தவருக்கு லாபம். துப்பாமல் இருப்பது அடுத்தவருக்கு லாபம். காய்ச்சலோடு கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது அடுத்தவருக்கு லாபம். போனவற்றில் பெரும்பாலானவை இந்த வரிசையில்தான் இருக்கின்றன.

எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கவும் வேண்டியதில்லை. பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். அது போனது சரி. 2020 ஏப்ரலில் திருப்பூரில் சந்தை வாசலில் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப் பாதை அமைத்தார்கள். சில நாட்களிலேயே பொது சுகாதாரத் துறை அதை வேண்டாம் என்றது, அதுவும் சரி. கொரோனா பெரும்பாலும் மூச்சுக் காற்றில் பரவுகிறது என்பது பின்னால் தெளிவானது. ஆனால் கைக்குச் சோப்பு வேண்டியிருப்பது கொரோனாவுக்காக மட்டும் இல்லையே! வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை, குடற்புழு என்று கை வழியாக வயிற்றுக்குப் போகிற நோய்கள் எந்த ஊரடங்குக்கும் ஓயவில்லை. 2018-இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வில், இந்தியக் குடும்பங்களில் 35.8 சதவீதம்தான் சாப்பிடும் முன் சோப்பால் கை கழுவுவதாகத் தெரியவந்தது. 60.4 சதவீதம் தண்ணீரோடு சரி. கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் நாம். காற்றில் பரவும் நோய்க்கும் பஞ்சமில்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியர். அந்த நோய் பரவாமல் தடுக்கும் வழிகளில் முக்கியமானவை, இருமுகிறவர் வாயை மூடுவதும் ஜன்னலைத் திறந்து வைப்பதும். 2020-இல் நமக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

நம் அன்புக்கும் குறைவில்லை. கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். பந்தியில் ஒருவர் ரசத்துக்கு வரும்போதே, அடுத்த பந்திக்காரர் அவர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்குச் சளி இருக்கும், மூக்கை உறிஞ்சிக்கொள்வார். 'உடம்பு சரியில்லை, இருந்தாலும் வராமல் இருக்க மனசு கேட்கலை' என்பார். பெண் வீட்டாருக்கு அது பெருமை. அந்த மண்டபத்தில் எண்பது வயதுப் பாட்டி இருப்பார், கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் சித்தப்பா இருப்பார், பிறந்து நாற்பது நாள் ஆன குழந்தை இருக்கும். அந்தக் குழந்தையைக் கை கழுவாமல் வாங்கிக் கன்னத்தில் முத்தம் வைத்து அடுத்தவரிடம் கொடுப்போம். 2021-இல் அதே பாட்டியைப் பேரன் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனான். எது அதிகமான அன்பு?

பள்ளிக்கூடங்களின் கண்டிப்பையும் சொல்ல வேண்டும். ஒரு நாளும் விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டு விழா மேடையில் சான்றிதழ் தருகிறார்கள். என் அக்கா மகள் 101 டிகிரி காய்ச்சலோடு, 'இன்னைக்கு மட்டும் போயிட்டு வந்துடறேன் மாமா, இல்லாட்டி என் சர்டிபிகேட் போயிடும்' என்று அழுதாள். மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த வாரம் அவள் வகுப்பில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். அவளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. இணைய வகுப்பு நடத்தத் தெரிந்த பள்ளி, காய்ச்சல் பிள்ளைக்கு இரண்டு நாள் பாடத்தை அனுப்பி வைக்க மறந்துவிட்டது. தினக்கூலிக்குப் போகிறவருக்கோ சான்றிதழ்கூட இல்லை. வராத நாளுக்குக் கூலி கிடையாது, அதனால் இருமிக்கொண்டே வருகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. காய்ச்சலுக்கு இரண்டு நாள் கூலி கொடுக்காத முதலாளிக்கும், அப்படிக் கொடுக்கச் சொல்லும் ஒரு சட்டத்தைக் கேட்காத நமக்கும்தான் அந்தக் குறை சேரும்.

இடைவெளி என்ற சொல்லை எழுதும்போது ஒன்றை மறைக்க முடியாது. நம் ஊர்களில் சில இடங்களில் இடைவெளி எந்த வட்டமும் போடாமல், எந்த அபராதமும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. டீக்கடைத் தனிக் குவளைக்கும் ஊருக்கு வெளியே இருக்கும் தெருவுக்கும் கிருமி காரணம் இல்லை. மனிதனை இழிவுபடுத்தும் தூரத்தை அவ்வளவு கவனமாகக் காப்பாற்றத் தெரிந்த சமூகம், மனிதனைக் காப்பாற்றும் மூன்றடியை இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. இதைவிடக் கடுமையாக நம்மைக் கண்டிக்க எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நமக்குள்ளேயே ஒரு நல்ல பாடம் இருந்தது. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில் உண்டு. அந்த நோய் ஊரை வாட்டிய காலத்தின் நினைவு அது. 2021-இல் அதே கோவைப் பக்கம் இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலை செய்து பூசை நடத்தினார்கள். அறிவுக்கு ஒவ்வாதது என்று பலர் சொன்னார்கள். எனக்கு நோயைத் தெய்வமாக்கும் அந்த வழக்கத்தின் இன்னொரு பக்கம் நினைவுக்கு வந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்த யாரும் உள்ளே போகமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நோயாளி வெளியே வரமாட்டார். அந்த வீட்டில் விசேஷம் கிடையாது, விருந்தாளி கிடையாது. தலைமுறைகள் தாண்டியும் அது நிலைத்தது. காரணம், அது மரியாதையாக ஆகிவிட்டது. வேப்பிலையை மீறி உள்ளே போவது பண்பில்லாத காரியம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜப்பானில் சளி பிடித்தவர் முகக்கவசம் அணிந்து ரயில் ஏறுவது கொரோனாவுக்கு முன்பிருந்தே இருக்கிற வழக்கம். அங்கேயும் அது ஒரு மரியாதை.

நாம் கொரோனா பழக்கங்களைப் பயத்தின் மேல் கட்டினோம். முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய், துப்பினால் 500 ரூபாய் என்று 2020 செப்டம்பரில் அபராதம் வந்தது. அபராதம் வேண்டியதுதான். ஆனால் அபராதம் போனதும் பயம் போனது. பயம் போனதும் பழக்கமும் போனது. 2023 மே 5-இல் உலகச் சுகாதார நிறுவனம் நெருக்கடிநிலை முடிந்ததாக அறிவித்தபோது, நம் ஊரில் முடிப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. அரசுக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் 38,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அவர்களில் பலர் யாரோ ஒருவரின் மூச்சிலிருந்து நோயை வாங்கிக்கொண்டவர்கள். அந்த ஒருவர் கெட்டவர் இல்லை. கவனிக்காதவர்.

போன வாரம் அண்ணாச்சி கடைக்குப் போனபோது கேட்டேன். "அண்ணாச்சி, வாசல்ல இருந்த நீல டிரம் எங்கே?"

"உள்ளதான் இருக்கு தம்பி, உளுந்து கொட்டி வச்சிருக்கேன்" என்றார். பிறகு பணத்தை வாங்கிக்கொண்டே சொன்னார்: "ஒரு நாளைக்கு நாலு பேரு கழுவினாக்கூட நான் எடுத்திருக்க மாட்டேன். கடைசி ஒரு மாசம் நான் ஒருத்தன்தான் அதுல கழுவினேன்."

அவர் மேல் பழி இல்லை. டிரம்மை உள்ளே அனுப்பியது நாங்கள், அந்தத் தெருக்காரர்கள்.

முடியாது என்ற சாக்கு இனி நமக்குக் கிடையாது. முடியும் என்று நாமே காட்டிவிட்டோம். நாளைக் காலையில் ஒரு சோப்புக் கட்டியும் வலைப்பையும் வாங்கிக்கொண்டு நான் அந்தக் கடைக்குப் போகிறேன். உளுந்துக்கு வேறு டின் வாங்கித் தருகிறேன், டிரம்மை வாசலுக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்கப்போகிறேன். தினமும் அதில் கை கழுவவும் போகிறேன். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு டிரம் எங்காவது உள்ளே கிடக்கும். போய்க் கேளுங்கள். சளி பிடித்த நாளில் முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். யாராவது 'இன்னுமா கொரோனா?' என்று கேட்டால், 'இல்லை, உங்களுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்றுதான்' என்று சொல்லுங்கள்.