சிமென்ட்டும் டிக்கெட்டும்

கமிட்டி கையில் கொடுத்த பட்ஜெட் தாளில் முதல் வரி விமான டிக்கெட். டல்லாஸ் பக்கம் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து இருபது பேர் ஹோண்டுராஸுக்குப் போய், ஒரு ஏழைக் குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு ஒரே வாரத்தில் திரும்புவதாகத் திட்டம். டிக்கெட்டுக்கு அடுத்து ஹோட்டல், வேன், இன்ஷூரன்ஸ், தடுப்பூசி, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-சர்ட். சிமென்ட், கம்பி, ஹாலோ பிளாக், கூரைத் தகரம் நான்கும் சேர்ந்து 'மெட்டீரியல்ஸ்' என்று ஒற்றை வரியாகக் கடைசிக்கு முந்தின இடத்தில் ஒண்டிக்கொண்டிருந்தன. கடைசி வரி 'இதர செலவுகள்'. அதுகூட மெட்டீரியல்ஸைவிடக் கொஞ்சம் கூடுதல்.

கணக்குப் பார்க்கும் பொறுப்பு எனக்கு. கூட்டுறவு பாங்கில் ஆயுசைக் கழித்த மனுஷர், மகள் வீட்டில் சும்மாதானே இருக்கிறார் என்ற நல்லெண்ணம்தான் காரணம்.

அந்தத் தாளைப் பார்த்ததும் ஊர் நினைவு வந்தது. நான் வளர்ந்தது திருநெல்வேலிச் சீமையில், நாசரேத் பக்கம். அங்கே எந்த ஊர் கோயில் கட்டினாலும் மெஞ்ஞானபுரத்து சர்ச் கோபுரத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் கட்டும். அது 192 அடி. எங்கள் ஊர் கோபுரம் கட்டியது எழுபதுகளில். ஆடம்பரம் கர்த்தருக்குப் பிடிக்காது, அறுபது அடி போதும் என்று பெரியவர்கள் தன்னடக்கத்தோடு முடிவு செய்தார்கள். கையில் இருந்த பணமும் அறுபது அடிக்குத்தான் வந்தது.

அப்போது சிமென்ட் கடையில் கேட்டால் கிடைக்கிற சரக்கு அல்ல. 1982-ல் கட்டுப்பாடு தளரும்வரை பர்மிட் வேண்டும். சபை மூப்பர்கள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் வராந்தாவில் காத்துக் கிடப்பார்கள். பத்து மூட்டைக்குக் கையெழுத்து விழுந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதற்குத் தனி ஸ்தோத்திரம் உண்டு. ஆக, எங்கள் வெளிப்பயணம் தாலுகா ஆபீஸோடு முடிந்தது.

பணம் வந்தது ஏலத்தில். ஸ்தோத்திரப் பண்டிகை அன்று முதல் பலன் என்று வாழைத்தார், கருப்பட்டிச் சிப்பம், முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டிய சேவல் எல்லாம் கோயில் வாசலில் பரப்பியிருக்கும். உபதேசியார் ஒரு பூசணிக்காயைத் தலைக்குமேல் தூக்குவார். "ரெண்டு ரூவா... ரெண்டேகால்... என்ன அண்ணாச்சி, பம்பாய்லருந்து வந்துட்டுக் கைய கட்டிட்டு நிக்கீக?" பம்பாய் அண்ணாச்சி ஐந்து என்பார். எதிரே நிற்கும் அரிசி மில்காரருக்கு அது பொறுக்காது, ஆறு. இருவருக்கும் வயல் வரப்பில் ஏதோ பழைய தகராறு. பூசணிக்காய் பதினொன்றுக்குப் போகும். "ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்!" எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் கௌரவக் குறைச்சல். "கோயிலுக்கே விட்டுட்டேன்" என்று திருப்பிக் கொடுப்பார். உபதேசியார் மறுபடி தலைக்குமேல் தூக்குவார். ஒரே பூசணிக்காய் சாயங்காலத்துக்குள் நாலைந்து முறை விலைபோய், கடைசியில் உபதேசியார் வீட்டுக் குழம்பில் இறங்கும். பகை தீர்க்கக் கொடுத்தார்களா, பக்தியில் கொடுத்தார்களா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. கொத்தனார் கூலிக்கு இரண்டும் ஒன்றுதான்.

பெண்கள் வழி வேறு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். ஞாயிறன்று அது கோயிலுக்கு வந்து, அளந்து விற்றுக் காசாகும். பாட்டியின் கைப்பிடி அளவு வாரா வாரம் மாறும். பஞ்ச காலத்தில் விரல் நுனியாகவும் இருந்திருக்கிறது.

அந்த மாதிரிச் சில்லறைகளோடுதான் திருநெல்வேலி கிறிஸ்தவர்கள் 1903-ல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், நம் ஆள், நம் காசு, நம் நிர்வாகம் என்பது கொள்கை. ஆட்களை அனுப்பிய இடம் நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல். முன்நின்றவர்களில் ஒருவர் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா. பிறகு அவரே அங்கே போய், 1912-ல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல். எங்கள் பாட்டிக்கு தோர்ணக்கல் எந்தத் திசை என்று தெரியாது. எப்போதாவது சபை ஐயர் பிரசங்கத்துக்குப் பிறகு ஒரு மிஷனரி கடிதத்தை வாசிப்பார். அங்கே காய்ச்சல், அங்கே ஒரு பள்ளிக்கூடம். கேட்டுவிட்டு வந்து அடுத்த வேளை உலைக்கு அரிசி அளப்பாள். போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று அவளுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

கொடுத்தவர் வராமலே இருந்ததற்கு எங்கள் ஜில்லாவிலேயே பெரிய சாட்சி உண்டு. மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் பிரஷ்யாவிலிருந்து தோனா பிரபு ஓர் ஊருக்காகப் பணம் அனுப்பினார். அந்த ஊருக்கு டோனாவூர் என்றே பேர் விழுந்துவிட்டது. பிரபு வந்து செங்கல் தூக்கியதாக யாரும் எழுதிவைக்கவில்லை. இன்றைய கமிட்டியில் அவர் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு டி-சர்ட் அளவு கேட்டிருப்பார்கள்.

இந்தக் காலத்து வசூலைக் குறை சொல்ல முடியாது, உழைப்பு இருக்கிறது. பிள்ளைகள் சனிக்கிழமை வெயிலில் கார் கழுவுகிறார்கள். பெரியவர்கள் பிரியாணி பிளேட் விற்கிறார்கள். 12 டாலர், தயிர்ப் பச்சடி உள்பட. ஒவ்வொருவரும் சொந்தக்காரர்களுக்கும் ஆபீஸ் நண்பர்களுக்கும் ஆதரவு கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். மாதிரிக் கடிதம் கமிட்டியே தந்தது: "என் வாழ்க்கையை மாற்றப்போகும் இந்தப் பயணத்துக்கு..." ஹோண்டுராஸ் குடும்பத்தின் வாழ்க்கை இரண்டாவது பத்தியில் வருகிறது. கொடுப்பவருக்கு வருமான வரி விலக்கு ரசீது உண்டு. 250 டாலருக்கு மேல் கொடுக்கும் கடைக்காரர்களின் பெயர் டி-சர்ட்டின் முதுகில் அச்சாகும். இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் ஊர்க் கோயிலில் மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் உபயதாரர் பெயர் உண்டு. சுற்றும்போது தெரியாது என்பதால், ஆராதனை முடிந்ததும் அதை நிறுத்தச் சொன்னவரை எனக்குத் தெரியும்.

பயிற்சியும் நடந்தது. சபையில் கட்டட வேலை அறிந்தவர் ஒரே ஒருவர். கான்ட்ராக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பார்க்கிங் லாட்டில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினார். மென்பொருள் துறையில் பெரிய பதவியிலிருக்கும் ஒரு தம்பி கொத்துக்கரண்டியைத் தோசைக்கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்து, கலவையைக் கல்லின்மேல் வட்டமாகத் தேய்த்தார். மூன்றாவது வரிசையிலேயே சுவர் இடதுபுறம் சாய்ந்தது. "அங்க லோக்கல் மேசன் இருப்பாரு அங்கிள், அவர் பாத்துக்குவாரு" என்றார். அவர் பார்த்துக்கொள்வார் என்றால் நீங்கள் எதற்கு என்று கேட்கலாம். கேட்கவில்லை, தம்பியின் முழங்கை வரை சிமென்ட், முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

என்ன இருந்தாலும் கணக்குப் பார்க்கிறவன் நான். நான் கேட்காத அந்தக் கேள்வியை வேறொருவர் முன்பே கேட்டிருக்கிறார். 1998 அக்டோபர் கடைசியில் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டது. பிறகு வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் அலையலையாகப் போய் வீடு கட்டின. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் அதை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார். வந்துபோகும் செலவையும் சேர்த்தால் குழுக்கள் கட்டிய வீடு ஒன்றுக்குச் சுமார் 30,000 டாலர். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு கட்டினால் சுமார் 2,000. குடியிருப்பவர்களுக்கு எந்த வீடானாலும் வாழ்க்கையில் வித்தியாசமில்லை. போய்வந்தவர்களோ தாங்கள் ரொம்பவே மாறிவிட்டதாகச் சொன்னார்கள். காணிக்கைக் கணக்கில் அந்த மாற்றம் பெரிதாகத் தெரியவில்லை.

இதை ஒரு பக்கமாக எழுதி எடுத்துப்போய்க் கமிட்டியில் வைத்தேன். நாம் வீட்டிலேயே இருந்து, பணத்தை அனுப்பினால் எத்தனை வீடு எழும் என்று அடியில் பெருக்கல் கணக்கும் போட்டிருந்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, அடுப்படிப் பொறுப்பை வைத்திருக்கும் அக்காதான் சொன்னார். "கணக்கு சரிதான் அண்ணே. ஆனா பிள்ளைங்க போகலைன்னா யாரு பிரியாணி வாங்குவா? என் ஆபீஸ்ல அம்பது பிளேட் போகுது. ஹோண்டுராஸுக்காகவா வாங்குறாங்க? என் மகன் போறான்னு வாங்குறாங்க. அனுப்பலாம்னு சொல்றீங்க, எதை அனுப்புவீங்க? வசூலே ஆகாதே."

என் பெருக்கல் கணக்கில் இந்த வரி இல்லை. பம்பாய் அண்ணாச்சியும் மில்காரரும் கோபுரத்துக்காக மட்டுமா ஏலம் கேட்டார்கள்? பாட்டியை உதாரணம் காட்டலாம் என்று வாயெடுத்தேன். அவள் ரகம் எங்கள் ஊரிலேயே அரிது என்பதும் கூடவே நினைவு வந்தது.

கடைசியில் ஒரு சமரசம். இருபது பேர் பன்னிரண்டாகக் குறையும்; கட்டட வேலை தெரிந்தவரும் பதினெட்டு வயது தாண்டியவர்களும் மட்டும் போவார்கள். மிச்சமாகும் டிக்கெட் பணம் அங்குள்ள சபைக்குப் போய்ச் சேரும். கொத்தனாரை அவர்களே வைத்துக் கட்டட்டும். எந்தப் பன்னிரண்டு பேர் என்பதில் இரண்டு வாரமாகச் சண்டை. மட்டன் விலை ஏறிவிட்டதால் அடுத்த விற்பனைக்குச் சிக்கன் என்று மட்டும் ஒருமனதாகத் தீர்மானம். வெங்காயம் உரிக்கும் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.