வட்டக்கச்சிக்கு வந்த குளிர்காலம்

இரணைமடுத் தண்ணீரைக் கொண்டு நெல் விளைவிக்கத்தான் எங்கள் பாட்டன்மாருக்குத் தெரிந்திருந்தது. குளிர்காலம் விளைவிக்கும் வித்தை அவர்களுக்குக் கைவரவில்லை. அந்தக் குறை இப்போது நீங்கிவிட்டது. வட்டக்கச்சிப் பக்கம் சனி, ஞாயிறுகளில் நடக்கும் ஸ்போக்கின் இங்கிலிஷ் வகுப்பொன்றின் ஜன்னலோரம் சற்று நின்று பாருங்கள். வெளியே பங்குனி வெயில் வரம்பை வெடிக்க வைத்துக்கொண்டிருக்க, உள்ளே பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள்: "இன் விண்டர் ஐ வெயார் அ ஸ்வெற்றர்." சொல்லி முடித்ததும் கொப்பியை மடித்து விசுக்கிக்கொள்வார்கள். தகரக் கூரைக்குக் கீழே இவ்வளவு குளிரை வரவழைத்த ஆசிரியரை எப்படிப் புகழாமல் விடுவது?

பாடத்தின் பெயர் 'ரீ-சேர்ட்டும் அன்றாட உடையும்'. "வட் டு யூ வெயார் எவ்ரி டே?" என்று ஒருவர் கேட்க வேண்டும். "ஐ வெயார் அ ரீ-சேர்ட் அன்ட் ஜீன்ஸ்" என்று மற்றவர் சொல்ல வேண்டும். பிறகு முறை மாற்றிக் கேட்க வேண்டும். அப்போதும் விடை அதுதான். நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது ரீ-சேர்ட், நாற்பது ஜீன்ஸ். இலங்கையில் எத்தனையோ கட்சிகள் வாக்குறுதி தந்தும் கொண்டுவர முடியாத சமத்துவத்தை இந்தப் புத்தகம் ஒரு பக்கத்தில் கொண்டுவந்துவிட்டது. அண்ணனின் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த பெடியனும், பாவாடை சட்டையோடு வந்த பிள்ளையும், அம்மாவின் பழைய நைற்றியை வெட்டித் தைத்த கவுண் போட்ட சின்னவளும் ஆங்கிலத்தில் ஒரே உடுப்புக்காரர். சாரம் என்று ஒன்று இருப்பதாகவே பாடத்துக்குத் தெரியாது. மார்கழிப் பனிக்குத் தலையிலே துவாயைச் சுற்றிக்கொண்டு தண்ணி கட்டப் போகிற அப்புவுக்கும் அங்கே இடமில்லை. நல்லதுதான். அப்புவை ஆங்கிலத்துக்குள் கூட்டிப்போனால் அவர் வெறுங்காலோடு வருவார், தரை அழுக்காகும்.

பள்ளிச் சீருடையையும் பாடம் நாகரிகமாகத் தவிர்த்துவிட்டது. அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் ஏதாவது ஒரு பிள்ளை வில்லங்கமாகக் கேட்டுவிடும். இலவசச் சீருடைத் துணி 1993இலிருந்து கொடுக்கப்படுகிறது. 2025ஆம் ஆண்டுக்குரிய துணி முழுவதையும் சீனா நன்கொடையாகத் தந்தது. துணியை வாங்கிக்கொண்ட இலங்கைதான் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி டொலருக்கு ஆடை தைத்து உலகத்துக்கு அனுப்புகிறது. உலகத்துக்கே உடுப்புத் தைக்கிற நாட்டுப் பிள்ளைக்கு வெள்ளைச் சட்டைத் துணி ஏன் கப்பலில் வருகிறது என்பதை ஆங்கிலத்தில் கேட்கப் பழக்கினால் பிறகு யார் பதில் சொல்வது? ஸ்வெற்றரில் அந்தத் தொல்லை கிடையாது.

வரலாற்றை விலக்கி வைப்பதிலும் பாடத்துக்கு நிகரில்லை. உடுப்பைப் பற்றிப் பேசுவது எங்கள் மண்ணில் ஆபத்தான காரியம் என்பதை அது நன்றாக உணர்ந்திருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை போடக்கூடாது, ஆண்கள் தோளிலே சால்வை போடக்கூடாது என்று யாழ்ப்பாணத்தில் கட்டுப்பாடு இருந்த காலம் அவ்வளவு தூரத்தில் இல்லை. காணி தேடி வன்னிக்கு வந்தவர்களும், கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்தவர்களும் எதை உடுத்திக்கொண்டு வந்தார்கள் என்று ஒரு பாட்டியிடம் கேட்டால் பாடம் மூன்று கிழமைக்கு இழுபடும். புத்தகமோ பத்து நிமிடத்தில் முடித்துத் தருகிறது.

2009ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டை அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்கும் உரிய ஆண்டாக அறிவித்தது. 'எங்கள் வழியில் ஆங்கிலம் பேசுவோம்' என்பது அந்த முயற்சியின் சுலோகம். வட்டக்கச்சிப் பிள்ளைகள்தான் மரியாதை தெரியாமல் நடந்துகொண்டார்கள். ஆங்கில ஆண்டின் முதல் மாதத்தை போருக்குத் தப்பி விசுவமடுப் பக்கம் நடந்து போவதில் வீணாக்கினார்கள். நடுப்பகுதியை செட்டிகுளத்து மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் முட்கம்பிக்கு உள்ளே கழித்தார்கள். உடுத்திய உடுப்போடு வந்து சேர்ந்தவர்களுக்கு அங்கே நிவாரண உடுப்பு கிடைத்தது. முழங்கால் வரை தொங்குகிற ரீ-சேர்ட், அதன் நெஞ்சிலே யாருடையதோ ஆங்கிலம். இன்று வகுப்பிலே குந்தியிருக்கிற பிள்ளைகளின் தாய், தகப்பன், பெரிய அண்ணன்மார் ஆங்கிலத்தை முதலில் தோலிலே போட்டுக்கொண்டது அப்படித்தான். அந்த ரீ-சேர்ட்டைப் பற்றி ஒரு வசனம்கூடப் பாடத்தில் இல்லை. இறந்தகால வினைச்சொல் அடுத்த நிலைக்குரியது என்று ஆசிரியர் சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு: இந்த நிலைக்குக் கட்டணம் வேறு, அந்த நிலைக்கு வேறு.

அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் தழைத்திருக்கிறது. வட்டக்கச்சி, இராமநாதபுரம் வயல்களில் ஆங்கிலம் நடமாடுகிற அளவுக்குக் கொழும்பில்கூட நடமாடாது. சுற்றாடலைப் பாதுகாப்போம் என்று முதுகிலே ஆங்கிலத்தில் எழுதியபடி ஒருவர் களைநாசினி அடிப்பார். கண்ணிவெடி அபாயக் கல்வி நடத்திய நிறுவனத்தின் ரீ-சேர்ட் போட்டவர் மாடு சாய்த்துக்கொண்டு போவார். பாரிஸ் நகரத்தைத் தான் நேசிப்பதாக நெஞ்சிலே அறிவித்துக்கொண்டு ஒரு பெரியவர் உளுந்து காய வைப்பார். அது பிரான்சிலிருந்து மருமகன் அனுப்பிய பார்சலில் வந்தது. இந்த வசனங்களை வாசித்துக் காட்டினாலே ஒரு தவணைப் பாடம் ஆகிவிடும், புத்தகமும் வாங்கத் தேவையில்லை. அப்படியானால் புத்தகம் அச்சிடுகிறவர் எப்படிப் பிழைப்பார்? ஆசிரியரின் பெருந்தன்மையை இங்கேயும் கவனிக்க வேண்டும்.

அவருடைய பெருந்தன்மை முழுசாக வெளிப்படுகிற இடம் வேறு. வகுப்பிலே சிலரின் அக்காமார் அறிவியல்நகரில் கார்மென்ஸ் வேலைக்குப் போகிறார்கள். மாஸ் நிறுவனத்தின் வானவில், விடியல் என்ற தொழிற்சாலைகள் அங்கேதான் இருக்கின்றன. விடியப்புறம் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த அக்காமார் ஒரு நாளைக்குக் கதைக்கிற ஆங்கிலத்தைக் கேட்டால் அசந்துபோவீர்கள். லைன், ரார்கெற், ஷிஃப்ற், ஓவர்லொக், கட்டிங், பினிஷிங், ரிஜெக்ற், ஓ.ரி., அற்றென்டன்ஸ் போனஸ். கழுத்துப் பட்டி ஒரு நூல் விலகினாலும் அதை ஆங்கிலத்தில் கண்டுபிடித்து ஆங்கிலத்தில் திருப்பி அனுப்பத் தெரிந்தவர்கள். ஒரு ரீ-சேர்ட் எத்தனை துண்டாக வந்து எத்தனை கைமாறி ஒரு சட்டையாகிறது என்று அவர்களுக்குத் தெரியும். "ரீ-சேர்ட்டைப் பற்றிக் கதை" என்று தங்கச்சியிடம் சொன்னால் அவள் இதையெல்லாம் கொட்டக்கூடும். "அது கார்மென்ஸ் இங்கிலிஷ் பிள்ளை, இஞ்ச நாங்கள் படிக்கிறது ஸ்போக்கின் இங்கிலிஷ்" என்று சேர் அன்போடு திருத்திவிடுவார். நாள் முழுக்க வாயாலே பேசுகிற ஆங்கிலம் பேச்சு ஆங்கிலம் ஆகாது என்ற இந்த நுட்பத்தை எந்தப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது?

பாடத்தின் முடிவிலே கடை உரையாடல் ஒன்று உண்டு. "ஹவ் மச் இஸ் திஸ் ரீ-சேர்ட்?" "இற் இஸ் ருவென்ரி டொலர்ஸ்." வாங்குகிறவர் உடனே வாங்கிவிடுவார். பேரம் பேசுவது அநாகரிகம். கிளிநொச்சிச் சந்தையில் எங்கள் அம்மாமார் செய்கிற மாதிரி "கழுவினால் சாயம் போகுமோ?" என்று கேட்கவும் அந்தக் கடையில் இடமில்லை. கணக்குப் பாடத்தை ஆங்கிலத்தோடு கலக்கவில்லை என்பதற்காகவும் நன்றி சொல்ல வேண்டும். இந்த நாட்டின் தேசிய ஆகக்குறைந்த மாத வேதனம் 2016இல் சட்டம் வந்தபோது 10,000 ரூபா. 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 சனவரியிலிருந்து 30,000. டொலர் முந்நூறு ரூபா என்று வைத்தால், புத்தகத்துக் கடையிலே அது ஐந்து ரீ-சேர்ட். நல்லவேளை, பிள்ளைகள் பிரித்துப் பார்க்கவில்லை.

இனி ரீ-சேர்ட்டின் குலம் கோத்திரம். அமெரிக்கக் கடற்படை 1913 அளவில் மாலுமிகளுக்குச் சீருடைக்கு உள்ளே போடக் கொடுத்த பெனியன்தான் அது. 1951இல் மார்லன் பிராண்டோ அதை மட்டும் போட்டுக்கொண்டு திரையில் தோன்றிய பிறகு உள்ளே இருந்தது வெளியே வந்தது. எங்கள் ஊரில் பெனியனோடு வாசலுக்கு வந்தால் "சட்டையைப் போட்டுக்கொண்டு வாங்கோவன், ஆக்கள் வருகினம்" என்று ஆச்சி அதட்டுவார். அதே பெனியனுக்குக் கை வைத்து ஆங்கிலம் எழுதினால் வகுப்புக்குரிய உடை.

ரீ-சேர்ட்டோடு கல்லூரிக்குப் போகிறேன் என்று பிள்ளைகளைச் சொல்லப் பழக்கியதில் ஆசிரியரின் தொலைநோக்கும் தெரிகிறது. 2016 தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் ரீ-சேர்ட்டும் டெனிமும் போட்டு விரிவுரைக்கு வரக்கூடாது, வெள்ளிக்கிழமைகளில் மாணவிகள் சீலை உடுத்த வேண்டும் என்ற அறிவித்தல் செய்தியாகி எதிர்ப்பைக் கிளப்பியது. 2022 நவம்பரில், பொருளாதார நெருக்கடிக்குள் ஆசிரியைகள் சிலர் சீலை இல்லாமல் பள்ளிக்கூடம் போனதும் கல்வி அமைச்சு சீலைதான் என்று நின்றது. இந்தப் பிள்ளைகள் நாளைக்குப் பல்கலைக்கழகம் போய், ரீச்சராக வந்து, எதை உடுப்பது என்று யாராவது உத்தரவு போடும்போது எதிர்த்து ஒரு வசனம் சொல்ல வேண்டியிருக்கலாம். ஏன் உடுக்கக்கூடாது என்று கேட்கிற வசனம் பாடத்தில் இல்லை. என்ன உடுக்கிறாய் என்று கேட்டால் பதில் சொல்கிற வசனம் மட்டும் உண்டு. உத்தரவு போடுகிறவர்கள் இந்த ஆசிரியருக்குக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்குப் போகிற ஆம்பிளைகள் மேற்சட்டையைக் கழற்றி இடுப்பிலே கட்டுகிறார்கள். கழற்றுவதற்கும் பாடத்தில் ஒரு வசனம் இருக்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தினர் பனி படிந்த கோட்டைக் கழற்றுவதற்காக அது ஒதுக்கப்பட்டிருக்கிறது. கோயிலுக்கு எடுத்தால் விருந்தினருக்கு என்ன செய்வது?

உண்மையான விருந்தினர் ஆவணி விடுமுறைக்கு வருகிறார்கள், கனடாவிலிருந்து. பெரியம்மாவின் பேரன், ரொறன்ரோவிலே பிறந்தவன், நல்ல பிள்ளை. தமிழ் கொஞ்சம் தட்டும். அவன் கிணற்றடியிலே நின்று ஆசையாகக் கேட்பான்: இங்கே வயலுக்குப் போகும்போது என்ன போடுவீர்கள், இந்தச் சாரத்தை எப்படி விழாமல் கட்டுகிறீர்கள், பாம்பு கடிக்காதா? எங்கள் பிள்ளை இரண்டு வருடம் ஸ்போக்கின் இங்கிலிஷ் படித்தவன். தனக்குப் பிறந்த நாள் தொட்டுத் தெரிந்த விசயத்தை அவன் கேட்கிறான் என்று விளங்குகிறது. வாய் திறக்கிறது. குளிர்காலத்தில் தான் ஸ்வெற்றர் போடுவதாகச் சொல்கிறான். பனியிலே வளர்ந்தவன் ஒரு நிமிடம் திகைத்து, பிறகு மரியாதைக்குத் தலையாட்டுகிறான். வட்டக்கச்சியின் குளிரைப் பற்றி ரொறன்ரோவில் இனிக் கதை பரவும்.

வகுப்பை நடத்துபவர்களுக்கு ஒரு தாழ்மையான வேண்டுகோள். அடுத்த பாடம் உணவுப் பழக்கம் என்று கேள்விப்பட்டேன். புட்டு, ஒடியல் கூழ், மாங்காய்ச் சம்பல் எதுவும் தப்பித் தவறியும் உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் காலையில் கோர்ன் பிளேக்ஸ் சாப்பிடட்டும். கட்டணத்தை மாத முதற் கிழமையிலேயே கட்டிவிடுகிறோம்.