முப்பது, ஐம்பது, இருபது

என்னிடம் பிளம்பர் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருக்கிறேன். முத்திரை அசல், கையெழுத்தும் அசல். போலி என்று எதையாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு அந்தச் சான்றிதழைத் தந்த பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனா, அதாவது திறன் மேம்பாட்டுத் திட்டம், 2015 ஜூலையில் தொடங்கியது. அதே மாதம் மத்திய அரசு பயிற்சிகளுக்கான பொதுச் செலவு விதிமுறையையும் வெளியிட்டது. ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க, தொழிலின் பிரிவைப் பொறுத்து, 38.50, 33, 27.50 ரூபாய் என்று மூன்று விலை. பின்னால் கூட்டிக் கொடுத்தார்கள். அப்போது பணம் பயிற்சி மையத்துக்கு மூன்று தவணையாகப் போயிற்று. வகுப்பு தொடங்கினால் 30 விழுக்காடு, சான்றிதழ் வாங்கினால் 50, வேலை கிடைத்தால் மிச்சம் 20. என் தோல்விகளையும் இதே தவணையில் ஒப்பித்துவிடுகிறேன்.

முதல் 30-க்கு நான் குறை வைக்கவில்லை. விரல் ரேகை எந்திரம் என்னை ஒருநாளும் மறுத்ததில்லை. கடைசி பெஞ்சில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துக்கொள்வேன். நாள் தவறாமல் வருவது படிப்பில் அக்கறையால் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

அடுத்த 50-ம் தப்பவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், சுடுதண்ணீருக்கு எந்தக் குழாய் என்று கேட்டார். சிபிவிசி என்று பட்டென்று சொன்னேன். வாய் தேறிவிட்டது. கையை யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.

கை கேட்கப்பட்டது வீட்டில். குளியலறைக் குழாய் ஒழுகியது. சான்றிதழ் பெற்ற ஆள் வீட்டிலிருக்க, வெளியே எதற்குக் காசு கொடுப்பது? டெஃப்லான் டேப்பை எடுத்து மரையில் சுற்றினேன். மரை முடுக்குகிற திசையிலேயே சுற்ற வேண்டும். நான் எதிர்த்திசையில் சுற்றினேன். முடுக்க முடுக்க டேப் சுருண்டு, சேமியா மாதிரி வெளியே வந்தது. முன்பு சொட்டுச் சொட்டாக ஒழுகியது, இப்போது சீராக வந்தது.

கடைசியில் பார்வதிபுரத்திலிருந்து ஒருவரை வரவழைத்தோம். மாமாவோடு சின்ன வயதிலேயே வேலைக்குப் போய்த் தொழில் படித்தவர், காகிதம் எதுவும் கிடையாது. குழாயைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இந்த டேப்ப ஆரு சுத்துனது?" என்றார்.

"முன்னால ஒரு ஆளு வந்தாரு."

"இனி அந்த ஆள விளிக்காதீங்க."

அடுக்களையில் மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

மானத்தைக் காப்பாற்ற அவருக்கு ஓர் அறிவுரை சொன்னேன். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தருகிற பிரிவும் அதே திட்டத்தில் உண்டு, எழுதிப் போடுங்கள் என்றேன். "அதுக்குப் போற நாளு கூலிய ஆரு தருவா?" என்றார். தொழில் தெரிந்தவருக்குக் காகிதத்துக்கு நேரமில்லை. காகிதம் இருப்பவனுக்கு நேரம்தான் இருக்கிறது.

இனி அந்த 20. மையத்தார் பாவம், எனக்கு வேலை பார்த்துத்தான் கொடுத்தார்கள், சென்னைக்குப் பக்கத்தில். அங்கே நெத்திலி எப்படியிருக்குமோ என்று நான் யோசித்தேன். போன் வந்தபோதெல்லாம் வடசேரி சந்தைக்குப் போயிருக்கிறார் என்று வீட்டில் சொல்ல வைத்தேன். ஒரு மனுசன் இத்தனை தடவை காய்கறி வாங்குவானா என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கும். போன் நின்றுவிட்டது. அவர்களுக்கு வரவேண்டிய கடைசித் தவணை என் சோம்பலில் போயிற்று.

2025 டிசம்பரில் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தபோது கொஞ்சம் தலைநிமிர்ந்தேன். திட்டத்தின் இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் பதிவான சுமார் 95.9 லட்சம் பேரில் 94.53 விழுக்காட்டினருக்கு வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யமோ வெற்றிடமோதான் இருந்ததாம். நான் என் எண்ணைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தவன். என் தரப்பில் சரியாக நடந்த ஒரே வேலை அதுதான்.

கை பழக வேறு வழியும் இருந்தது. கோணம் என்ற இடத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது. அரத்தைக் கையில் கொடுத்து, இரும்பு வழிக்கு வரும்வரை ராவவிடுகிற பழைய வழி அங்கே உண்டு. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் பரம்பரை அது. +2 முடித்தபோது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவு காட்டிய குமரி மாவட்டம் இது. இங்கே டிகிரி இல்லாமல் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார முடியாது என்று நம்பி வளர்ந்தவன் நான்.

மொத்தத்தில், கை வேலை பார்க்கிறதா என்று கேட்பதற்கு முன்பே 80 விழுக்காடு பணம் பட்டுவாடா ஆகிவிட்டது. கடைசித் தவணையைப் பெரிதாக்கியிருக்கலாம் என்றுதான் எனக்கும் சொல்லத் தோன்றுகிறது. அதில் ஒரு சிக்கல், மையத்தார் தேறுகிற பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, உண்மையிலேயே தொழில் வேண்டிய ஏழைப் பிள்ளையை வாசலிலேயே திருப்பிவிட்டிருப்பார்கள். இனி விதி எழுதுகிறவர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டு எழுதட்டும். என்னைத் திருப்பிவிடுவதில் ஆட்சேபணை இல்லை, எனக்குச் சந்தையில் வேலை இருக்கிறது.