முதல் வண்டித் தெரிவில் தாய்மாமனின் இடம்: ஓர் ஆய்வு

வீட்டில் ஒரு பையன் முதல் மோட்டார் சைக்கிள் வாங்கப்போகிறான் என்ற செய்தி கசிந்ததும், அவனைத் தவிர மற்ற எல்லோரும் வண்டி பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது இவ்வாய்வின் முதற்கருதுகோள். அப்படிப் பார்ப்பவர் எவரும் அவனுக்கான வண்டியைச் சொல்வதில்லை, தாம் இருபது வயதில் ஓட்டிய வண்டியையோ அப்போது வாங்க முடியாமற்போன வண்டியையோதான் சொல்கிறார் என்பது துணைக்கருதுகோள். ஆய்வுக்களம் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்து முன்னறை. ஸ்கூட்டர்கள் ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளன. மொபெட்டைத் தொட்டால் கட்டுரை முடியாது.

அப்பா மைலேஜ் கேட்பார். அம்மா, வண்டி எதுவானாலும் ஹெல்மெட் எங்கே என்பார். தாத்தாவுக்கு அஷ்டமி, நவமி, பதிவு எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வரக்கூடாது என்பன மட்டுமே தொழில்நுட்ப விவரங்கள். நண்பன் பிக்கப் பற்றிப் பேசுவான், ஏனென்றால் பின்னால் உட்காரப்போவது அவன்தான். இவர்களெல்லாம் சில்லறைத் தரவுகள். ஆய்வுக்குரியவர் தாய்மாமன்.

பானை ஓட்டைக் கொண்டு மண்ணடுக்கின் காலத்தைக் கணிப்பதுபோல, பரிந்துரைக்கப்படும் வண்டியைக் கொண்டு மாமனின் இளமையைக் கணிக்கலாம். 'எஸ்டி மாதிரி ஒரு வண்டி உண்டா?' என்றால், 1961-இல் மைசூரில் தொடங்கி 1996-இல் மூடப்பட்ட தொழிற்சாலையின் காலத்தவர். 'அடிச்சா புல்லட்தான்' என்பவரிடம் அவசரப்பட்டு முடிவுக்கு வரலாகாது. 1955 முதல் சென்னையில் உருவாகிவரும் அந்த வண்டி எல்லாத் தலைமுறையிலும் ஆள் வைத்திருக்கிறது. ஸ்பிளெண்டர் என்பவர் 1994-க்குப் பின் வேலைக்குப் போனவர், பெரும்பாலும் அரசு வேலை. பல்சர் என்பவரை மாமா என்று அழைப்பதே தவறு. 2001-இல் வந்த வண்டி அது, அவர் அண்ணன் முறை.

தனியே ஆராயவேண்டியது ஆர்.எக்ஸ். 100. 1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்றுபோன இந்த இரண்டு ஸ்ட்ரோக் யமஹா, நூறு கிலோவை ஒட்டிய உடம்பில் பதினொரு குதிரைத்திறனை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையின் காதுகளை நிரந்தரமாகப் பழுதாக்கியது. அதன் சத்தத்தை வாயால் செய்துகாட்டத் தெரியாத மாமன் கிடைப்பது அரிது. 'இன்னிக்கு வர்ற வண்டியெல்லாம் வண்டியா மாப்ள?' என்று அவர் பெருமூச்சு விடும்போது, பையன் கையிலிருக்கும் புதுவண்டி விளம்பரத்தாள் தானாக மடிகிறது.

இத்தனை பேச்சிலும் எவரும் கேட்காத கேள்வி, கடையில் வண்டிமேல் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிகிறதா என்பது. அடுத்தது, எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைப் பின்பக்கமாகத் தள்ள முடிகிறதா என்பது. சாதாரண 100 சி.சி. வண்டி 110 கிலோ சொச்சம், 350 சி.சி. புல்லட் 195 கிலோ சொச்சம். நடுவிலிருக்கும் வித்தியாசம் நல்ல சாப்பாட்டுக்காரர் ஒருவரின் எடை. நேர்ரோட்டில் அந்த எடை தெரியாது. பெட்ரோல் பங்க் வரிசையில், கீழே ஆயில் சிந்திய இடத்தில் இடக்கால் வழுக்கி, வண்டி மெல்ல ஒருபக்கம் சாயும்போது தெரியும். பழகுகிறவனுக்கு இலேசான வண்டி, முடிந்தால் ஏற்கெனவே இரண்டு கீறல் விழுந்த பழைய வண்டி, என்பதே இவ்வாய்வாளனின் துணிபு. மூன்றாவது கீறலுக்கு யாரும் அழமாட்டார்கள்.

இனிக் கற்பித்தல். ஆகாத ஆசிரியரை நான்காக வகுத்த நன்னூலார் மோட்டார் சைக்கிளைக் கண்டவரல்லர். கண்டிருந்தாலும் ஒருவகைகூடச் சேர்த்திருக்க மாட்டார். கழற்குடம்: போட்ட முறை மாறிக் கொட்டுபவர். 'கிளட்ச்சைப் பிடி, ஐயோ பிரேக், இண்டிகேட்டர் போடு, நேரா பார்றா!' என்று நான்கு பாடத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் சித்தப்பா. மடற்பனை: தாமாக மனம் வைத்தாலொழிய பழம் தராதவர். ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்துக்கு வா என்று சொல்லி எந்த ஞாயிறு என்று சொல்லாத நண்பன். பருத்திக் குண்டிகை: தாமும் அரிதாகப் பெற்றதைப் பிறருக்கு எளிதில் விடாதவர். புல்லட் வைத்திருப்பவர் இவர். முதல் மாதம் துடைக்க மட்டும் விடுவார். முடத்தெங்கு: தன்னை வளர்த்தவர் தோட்டத்தை விட்டு அடுத்தவர் தோட்டத்தில் காய் உதிர்ப்பவர். சொந்தத் தங்கை கேட்டால் 'உனக்கெதுக்குடி இதெல்லாம்?' என்றுவிட்டு, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஹாஃப் கிளட்ச் சொல்லிக்கொடுக்க வெயிலில் பின்னாலேயே ஓடுகிறவர்.

ஆசிரியர் எங்கே இருக்கவேண்டும் என்பதில் சட்டம் தெளிவு. பழகுநர் உரிமம் உள்ளவரோடு பயிற்றுநர் இருக்கவேண்டும், அவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ கூடிய இடத்தில் அமர்ந்திருக்கவேண்டும் என்கிறது விதி. மோட்டார் சைக்கிளில் அந்த இடம் எது என்று இவ்வாய்வாளன் பலநாள் தேடினான். நடைமுறையில் சித்தப்பா பின்சீட்டில் இருந்துகொண்டு பையனின் தோளைக் கட்டுப்படுத்துகிறார். பத்தாவது படிக்கிறவனிடம் பெருமையாகச் சாவியைத் தூக்கிக் கொடுக்கும் மாமன்மாருக்காக 2019-இல் சட்டத்தில் ஒரு பிரிவே சேர்த்தார்கள். பெரியவருக்கு மூன்றாண்டு வரை சிறை, இருபத்தைந்தாயிரம் அபராதம். மாமன்மார் அதை இன்னும் படித்ததாகத் தெரியவில்லை.

பாடத்திட்டத்தின் முதற்சூத்திரம், 'முன் பிரேக்கைத் தொடாதே, கவுத்துடும்' என்பது. பிரேக் பிடித்தால் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் இலேசாகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் பிரேக்குடையது. டிஸ்க் ஒன்று மட்டும் வைக்கும் கம்பெனிக்காரன் அதை முன்சக்கரத்தில்தான் வைக்கிறான். ஆனால் மாமா ஒருநாள், மணல் கிடந்த தெருமுனையில், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கை வெடுக்கென்று அமுக்கி விழுந்தார். அந்த முழங்கால் தழும்பிலிருந்து ஒரு சாத்திரம் பிறந்தது. வளைவில், மணலில் அது சரிதான். நேர்ரோட்டில் மெல்லத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டினால் கவிழ்க்காது என்பது சாத்திரத்தில் இல்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான புதுவண்டிகளில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. குருவின் வாக்கை மீறாமல் பையன் மிதிக்கிறான், அவனுக்குத் தெரியாமல் வண்டி மீறுகிறது.

ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போடும்போது இந்தச் சாத்திரங்கள் எதுவும் உதவுவதில்லை. அங்கே விழுபவர்கள் வண்டி தெரியாமல் விழுவதில்லை, முன்சக்கரத்தைக் குனிந்து பார்ப்பதால் விழுகிறார்கள். போகவேண்டிய இடத்தைப் பார்த்தால் வண்டி அங்கே போகும். ஹாஃப் கிளட்ச்சில் பின் பிரேக்கை இலேசாக உரசவிட்டுக்கொண்டு, அடுத்த வளைவுக்குத் தலையைத் திருப்பினால் போதும். இவ்வளவையும் சொல்லித்தந்தவர், களத்தகவலின்படி, வரிசையில் முன்னால் நின்ற முன்பின் தெரியாத ஒருவர்.

இது தற்செயலன்று. இந்நாட்டில் புது ஓட்டுநரின் மெய்யான ஆசிரியர்கள் பெயர் தெரியாதவர்களே. சைடு ஸ்டாண்டை எடுக்காமல் புறப்பட்டால், தன் வேலையை விட்டுவிட்டு விரட்டிவந்து 'தம்பி, ஸ்டாண்டு ஸ்டாண்டு!' என்று கத்திவிட்டு, நன்றிக்குக் காத்திராமல் சந்தில் திரும்பிவிடுவார் ஒருவர். 'அக்கா, ஷால்! வீல்ல மாட்டப்போவுது!' என்பது இன்னொரு பல்கலைக்கழகம். இவர்களுக்குச் சம்பளமும் இல்லை, மருமகனும் இல்லை.

இவர்களிடமும் பாடத்திட்டம் பழசாகிவிடும் கோளாறு உண்டு. 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே முன்விளக்கு எரியும். பெரும்பாலான வண்டிகளில் அணைக்கச் சுவிட்சும் இல்லை. ஆனாலும் பட்டப்பகலில் எதிரே வரும் பெரியவர் உள்ளங்கையை விரித்து மூடி, விரித்து மூடி, 'லைட் எரியுது' என்று சைகை காட்டத் தவறுவதில்லை. மரியாதைக்காகப் பையன் சுவிட்சைத் தேடுகிறான். கிடைப்பது ஹாரன். அதை அமுக்கியதும் முன்னால் போன ஷேர் ஆட்டோக்காரர் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நடுரோட்டில் நிறுத்துகிறார், பையன் மாமாவை நினைத்துக்கொண்டு பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறான்.