தலை தெற்கே, காது கிழக்கே

கல்யாண நாளுக்கு வேட்டி, புடவை எடுத்துக் கொடுத்த காலம் மலையேறிவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் இந்த முறை எங்கள் இருவருக்கும் ‘சவுண்ட் ஹீலிங்’ கூப்பன் அனுப்பிவிட்டாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு ஸ்பா. போனதும் மெனு கார்டைக் கையில் கொடுத்தார்கள். திபெத்தியப் பாடும் கிண்ணம் 3,500 ரூபாய், ட்யூனிங் ஃபோர்க் 2,500, காங் குளியல் 5,000. மூன்றும் சேர்ந்த காம்போதான் எங்கள் கூப்பனில்.

“குளியல்னா மாத்துத் துணி கொண்டு வந்திருக்கணுமே?” என்று மனைவி பதறினாள். தண்ணீரே இல்லாத குளியல் மேடம் என்று வரவேற்பறைப் பெண் சமாதானம் சொன்னாள். சென்னையில் இத்தனை வருஷம் குடியிருந்தவர்களுக்கு அது பழக்கம்தான்.

காத்திருந்த நேரத்தில் கையேட்டைப் படித்தேன். கிண்ணங்கள் தங்கம், வெள்ளி, பாதரசம் உட்பட ஏழு உலோகங்களால் ஆனவையாம், கிரகத்துக்கு ஒன்று. ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தவர்களுக்கு அகப்பட்டது என்னவோ செம்பும் வெள்ளீயமும்தான், ஏறக்குறைய நாலுக்கு ஒன்று என்ற கணக்கில். அதாவது வெண்கலம். எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பொங்கல் பானையும் அதுதான். திபெத்து என்ற பெயரில் இந்த ஓசைக்கு மேற்கே மவுசு வந்ததும் ரொம்பப் பழைய கதையில்லை. 1972-ல் ஹென்றி உல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் என்ற இருவர் ‘திபெத்தன் பெல்ஸ்’ என்று ஓர் இசைத்தட்டுப் போட்டார்கள், பெயர் பற்றிக்கொண்டது.

அடுத்த பக்கத்தில் 432 ஹெர்ட்ஸ். பிரபஞ்சத்தின் சுருதியே அதுதானாம். 1939-ல் லண்டனில் கூடிப் பேசி 440-ஐப் பொதுவாக்கினார்களே, அன்றைக்குத்தான் உலகம் கெட்டது என்கிற தோரணை. ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது. ஒரு நாளை 86,400 கூறு போட்டு நொடி என்று பெயர் வைத்தது நாம். பிரபஞ்சத்தை யாரும் கலந்து பேசியதாகத் தெரியவில்லை. நம் வித்வான்கள் இந்தச் சண்டைக்கே போவதில்லை. அவரவர் தொண்டைக்குத் தக்கபடி ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று தம்பூராவை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

“ஸார், உள்ள வாங்க.”

உள்ளே ஏசி, அரையிருட்டு, வரிசையாக மெத்தைகள். எங்களோடு இன்னும் நாலைந்து பேர். மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். கழுத்துவரை வெள்ளைப் போர்வை. கண்மேல் வாசனைப் பொதி. தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி. “சவுண்ட் எங்க கூட்டிட்டுப் போகுதோ அங்க போயிடுங்க ஸார், தடுக்காதீங்க” என்று குழைந்த குரலில் சொல்லிவிட்டு, அந்தப் பெண் காங்கை அடித்தாள்.

காங் வேறொன்றுமில்லை, நம் சேகண்டிக்குப் பெரியப்பா. எங்கள் தெருவில் விடியற்காலையில் சேகண்டி கேட்டால், பால் வாங்கப் போகிறவர்கள்கூட நின்று, “யாரு, எந்த வீடு?” என்று விசாரிப்பார்கள். பின்னாலேயே சங்கும் ஊதும். ஐம்பது வருஷமாக அந்த ஓசைக்கு ஒரே அர்த்தம் சொல்லி வளர்த்த காது இது. அதைப் போய்த் தடுக்காதே என்றால்? வெள்ளைத்துணி சரி. தலைமாட்டில் விளக்கு சரி. அலைச்சத்தம் வலது காதில் விழுந்தது. கடல் கிழக்கே என்றால் என் தலை தெற்கே. அதுவும் சரி. பாக்கி ஒன்றுதான். போர்வைக்குள் கால் கட்டைவிரல்களை மெல்லப் பிரித்துப் பார்த்தேன். கட்டவில்லை. அதற்கப்புறம்தான் மூச்சு சீராக வந்தது.

அடுத்து வயிற்றின்மேல் ஒரு கிண்ணத்தை வைத்துத் தட்டினாள். கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் அம்மா இப்படித்தான் பானையைத் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். கீறல் விட்டிருந்தால் சத்தம் செத்துவிடும். கடைக்காரர் சத்தியமே செய்தாலும் வாங்கமாட்டாள். நானும் கீறலில்லாத சரக்காகத் தேற வேண்டுமே என்று வயிற்றை எக்கிக்கொண்டேன். இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த நாதம் அழகு. வோம்... வோம்... என்று ஏறி இறங்குகிறது. கையால் அடித்துச் செய்த கிண்ணம் சுத்த வட்டமாக இருக்காது. அதனால் மிக நெருங்கிய இரண்டு சுருதிகள் சேர்ந்தே எழும்பும். ஒன்று 220, மற்றது 223 என்றால் நொடிக்கு மூன்று துடிப்பு. கையேட்டை எழுதியவர் ஏழு கிரகத்தை விட்டுவிட்டு இதை எழுதியிருக்கலாம்.

பிறகு ட்யூனிங் ஃபோர்க். 1711-ல் ஜான் ஷோர் என்ற இங்கிலாந்து எக்காள வித்வான் சுருதி சேர்க்கக் கண்டுபிடித்த இரும்புக் கவை. அதைத் தட்டி என் கால் பெருவிரல் எலும்பில் வைத்தாள். வைத்ததுதான் தாமதம், என் வாய் தன்பாட்டுக்கு, “தெரியுது... தெரியுது... தெரியுது... இப்ப நின்னுடுச்சு” என்றது. பக்கத்து மெத்தையில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். என்ன செய்வது, சர்க்கரை டாக்டர் வருஷா வருஷம் இதே இடத்தில் கவையை வைத்துத்தான் நரம்பில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார். அவருடையதும் 128 ஹெர்ட்ஸ். இதன் பிடியிலும் அதே எண் பொறித்திருந்ததை அப்புறம் பார்த்தேன். அவர் அதற்குத் தனியாக 2,500 வாங்குவதில்லை.

முடிந்ததும் செம்பருத்தி டீ கொடுத்து, வட்டமாக உட்கார வைத்து, யார் யார் எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டாள். ஓர் இளைஞர் ஊதா வெளிச்சம் பார்த்தாராம். ஓர் அம்மாள் மானசரோவர் வரை போய்விட்டார், பாஸ்போர்ட் இல்லாமல். என் மனைவி, “நான் தூங்கிட்டேம்மா” என்றாள். உண்மை, குறட்டைக்கு நான் சாட்சி. வீட்டில் பால்காரர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாலே விழித்துக்கொள்கிறவள், அத்தனை பெரிய காங்குக்கு அசையவில்லை.

“நீங்க ஸார்?”

சுடுகாட்டு வாசல்வரை போய்த் திரும்பினேன் என்று கல்யாண நாளன்று, அதுவும் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல முடியுமா?

“கால் நரம்பெல்லாம் நல்லா இருக்கும்மா” என்றேன்.

“பாத்தீங்களா! ஒரே செஷன்ல!” என்று அவள் எல்லோரையும் எனக்காகக் கைதட்டச் சொன்னாள்.