முழங்காலைத் தூக்கு, தோளை இறக்கு!

கேள்வி: என் மகன் 100 மீட்டர் ஓடுகிறான். ‘முழங்காலைத் தூக்கு, தோளை இறக்கு, கையை வீசு, தாடையைத் தளர்த்து’ என்று பயிற்சியாளர் ஒரே மூச்சில் அடுக்குகிறார். பையன் முன்பைவிட மெதுவாக ஓடுகிறானே?

பதில்: பன்னிரண்டு விநாடிக்குள் நாலு கட்டளையை நினைவில் வைத்து ஓடினால், அது ஓட்டப் பந்தயமல்ல, மனப்பாடப் பரீட்சை! ஒரு நாளைக்கு ஒரு திருத்தம் போதும். அதையும் முழு வேகத்தில் சொல்லிப் பயனில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து ஓடும்போது, களைப்பு தட்டுவதற்கு முன் பழக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது பாதம் எங்கே விழுகிறது என்பதை. எட்டி வைத்தால் வேகம் கூடும் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். உடம்புக்கு வெகு முன்னால் பாதம் விழுந்தால் ஒவ்வோர் அடியும் பிரேக்தான். இடுப்புக்குக் கீழே, சற்றே முன்னால் விழுந்து தரையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இதைச் சரிசெய்தால் தோளும் தாடையும் பெரும்பாலும் தாமாகவே வழிக்கு வந்துவிடும்.

எல்லாவற்றையும் திருத்தியே தீர வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவின் மைக்கேல் ஜான்சன் முதுகை நிமிர்த்தி, குட்டிக் குட்டி அடி வைத்து ஓடியவர். எந்தப் பாடப்புத்தகமும் அப்படி ஓடச் சொல்லாது. பயிற்சியாளர் கிளைட் ஹார்ட் அந்த ஓட்டத்தில் கை வைக்கவில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 200, 400 மீட்டர் இரண்டிலும் தங்கம்! 200 மீட்டரில் 19.32 விநாடி, அன்றைய உலக சாதனை.

மகன் ஓடுவதைப் பக்கவாட்டில் நின்று கைபேசியில் படம் எடுங்கள். பயிற்சியாளரோடு உட்கார்ந்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பார்க்கும்போது நீங்கள் ஐந்தாவது கட்டளை எதையும் சேர்த்துவிடாதீர்கள்!